முதலில் சொன்னதையும் எழுதுங்கள்

வாசகர் கடிதம்: மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் இரண்டாம் ஆண்டு வகுப்பாசிரியையாக இருக்கும் வாசகி எழுதியதன் சுருக்கம். தோட்டத்து லயத்திலிருந்து (தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து) வரும் எட்டு வயது மாணவியின் காதுமடலில் கன்றிப்போன நீலத்தையும், சட்டைக் கழுத்து விலகியபோது தோளின் பின்புறம் இரண்டு இணைக் கோடுகளையும் அவர் பார்த்திருக்கிறார். எப்படி ஆனது என்று கேட்டதற்குச் சைக்கிளிலிருந்து விழுந்ததாகச் சொன்ன சிறுமி, "அப்பா அடித்தாரா?" என்று மூன்றாவது முறை கேட்டபோது ஆமென்று தலையாட்டியிருக்கிறாள். ஆசிரியை அன்றே 15999 என்ற உதவி எண்ணை அழைத்துப் புகார் செய்துவிட்டார். தந்தை குடிப்பவர், கைநீட்டுபவர் என்று லயத்தில் ஐந்தாறு பேர் சொல்கிறார்களாம். வியாழக்கிழமை சமூக நல இலாகா அதிகாரி வாக்குமூலம் வாங்க வருகிறார். "சைக்கிள் கதையைச் சொன்னால் அந்த ஆள் தப்பித்துவிடுவான், அதை விட்டுவிடுங்கள் என்கிறார்கள் சக ஆசிரியர்கள். நான் எதைச் சொல்வது, எதை விடுவது? என்னால் ஒரு குடும்பம் பிரிந்துவிடுமோ என்றும் பயமாக இருக்கிறது" என்று கேட்கிறார்.

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இருபத்தாறு ஆண்டுகள் சமூக நல இலாகாவில் குழந்தைப் பாதுகாவலராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் என்ற முறையில் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: நீங்கள் புகார் செய்தது சரி. எட்டு வயதுப் பிள்ளை ஓடியாடி விழுந்தால் முழங்கால், கெண்டைக்காலின் முன்புறம், முழங்கை, நெற்றி ஆகிய இடங்களில் அடிபடும். காதுமடலும் தோளின் பின்புறமும் விழுந்து எளிதில் அடிபடுகிற இடங்கள் அல்ல. அதிலும் நடுவில் வெளுத்து, இருபுறமும் சிவந்து, தண்டவாளம் போல ஓடுகிற இரட்டைக் கோடு, பிரம்பு போன்ற உருண்டையான பொருள் வேகமாகப் படும்போது விழுகிற தடம். நீங்கள் பார்த்தது அப்படிப்பட்ட கோடு என்றால், உங்கள் சந்தேகத்துக்கு நல்ல காரணம் இருந்தது.

ஆனால் சந்தேகம் புகாருக்குப் போதும், முடிவுக்குப் போதாது. உங்கள் சக ஆசிரியர்கள் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டதால்தான் சைக்கிள் கதையை விட்டுவிடச் சொல்கிறார்கள். விசாரணையில் மூன்று தனித்தனிக் கேள்விகள் உண்டு. இந்தப் பிள்ளைக்கு இன்று இரவு பாதுகாப்பு இருக்கிறதா என்பது ஒன்று. இந்தக் காயம் யாராவது அடித்ததால் வந்ததா என்பது இன்னொன்று. அடித்தது யார் என்பது மூன்றாவது. முதல் கேள்விக்குப் பதில் சொல்ல மூன்றாவதின் பதில் தெரிந்திருக்க வேண்டியதில்லை. 2001ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டம் இதை உணர்ந்தே எழுதப்பட்டிருக்கிறது. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் பிள்ளை என்று நம்புவதற்கு நியாயமான காரணம் இருந்தால் 18ஆவது பிரிவின்கீழ்ப் பாதுகாவலர் பிள்ளையைத் தற்காலிகமாகத் தம் பொறுப்பில் எடுக்கலாம். ஆனால் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நீதிமன்றத்தில் கொண்டுவந்து நிறுத்தியாக வேண்டும். அங்கே நீதிபதி அறிக்கையைப் பார்க்கிறார். பெற்றோர் தம் பக்கத்தைச் சொல்ல வாய்ப்புப் பெறுகிறார்கள். தந்தை மேல் குற்ற வழக்குத் தொடுத்தால் அது வேறு தடம். அங்கே நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். ஆகவே உங்கள் வார்த்தை ஒன்றே ஒரு குடும்பத்தைப் பிரித்துவிடாது, ஒரு மனிதரைச் சிறைக்கும் அனுப்பிவிடாது. அது ஒரு துண்டுச் சான்று. அந்தத் துண்டு சுத்தமாக இருக்க வேண்டும், உங்களிடம் கேட்பது அவ்வளவுதான்.

சைக்கிள் கதையை ஏன் விடக்கூடாது என்று விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் கேட்டதன் மையமே அது.

பிள்ளை முதலில் ஒன்று சொல்லிப் பிறகு மாற்றிச் சொல்வதற்குக் காரணம் ஒன்றல்ல. பயத்தினால் முதலில் மறைத்திருக்கலாம். வீட்டில் யாரோ "விழுந்தேன்னு சொல்லு" என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். அடிபட்ட பிள்ளைகள் பலர் இப்படித்தான் பேசுவார்கள். அதேபோல, ஆசிரியை ஒரே கேள்வியை மூன்றாவது முறை கேட்கும்போது, தான் சொன்ன முதல் பதில் தப்பு போலிருக்கிறது என்று நினைத்து, டீச்சர் எதிர்பார்க்கிற பதிலுக்குத் தலையாட்டியிருக்கலாம். வகுப்பறையில் கணக்குக்கு விடை கேட்டு, மறுபடி கேட்டு, மறுபடி கேட்டால் பிள்ளை விடையை மாற்றும் அல்லவா? அதே பழக்கம்தான். இந்த இரண்டில் எது நடந்தது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரிந்துகொள்ளக்கூடியவர் பயிற்சி பெற்ற நேர்காணல் அதிகாரி. அவரும் முதல் பதில் என்ன, அடுத்தடுத்துக் கேட்ட கேள்விகள் என்ன, எந்தக் கேள்விக்குத் தலையாட்டினாள் என்பது கையில் இருந்தால்தான் அதை எடைபோட முடியும். நீங்கள் முதல் பதிலை மறைத்து, சிறுமி நேர்காணலில் தானாக "டீச்சர்கிட்ட விழுந்தேன்னுதான் சொன்னேன்" என்று சொல்லிவிட்டால், அன்றோடு உங்கள் வாக்குமூலம் முழுவதும் சந்தேகத்துக்குள்ளாகும். கோடுகளைப் பார்த்ததாக நீங்கள் சொன்ன உண்மைகூட அதனோடு சேர்ந்து விழும். தந்தை அடித்திருந்தால், அவரைக் காப்பாற்றுவது சைக்கிள் கதை அல்ல, நீங்கள் அதை மறைத்த செயல்.

மூன்று முறை கேட்டதற்காக மனம் குமைய வேண்டாம். பிள்ளையின் காயத்தைப் பார்த்த பதற்றத்தில் கேட்டீர்கள். ஆனால் கேட்ட வார்த்தைகளை அப்படியே எழுதுங்கள்: "எப்படி ஆனது என்று கேட்டேன், சைக்கிளிலிருந்து விழுந்தேன் என்றாள். அப்பா அடித்தாரா என்று கேட்டேன், பேசவில்லை. மறுபடி அதையே கேட்டேன், அப்போதும் பேசவில்லை. மூன்றாவது முறை கேட்டேன், ஆமென்று தலையாட்டினாள்." இதில் வரிசை முக்கியம். இனி அவளிடம் இதைப் பற்றி நீங்கள் எதுவும் கேட்காதீர்கள், மற்ற ஆசிரியர்களையும் கேட்க விடாதீர்கள். அவளாகப் பேசினால் கேட்டுக்கொண்டு, "அப்புறம்?" என்பதற்கு மேல் போகாமல், அன்றைக்கே தேதி நேரத்தோடு எழுதி வையுங்கள். இப்படிப்பட்ட வழக்குகளில் காவல்துறை பிள்ளையின் நேர்காணலைக் காணொளியாகப் பதிவு செய்கிறது. 2007ஆம் ஆண்டுக் குழந்தைச் சாட்சிச் சட்டத்தின்படி சாட்சி சொல்லும் பிள்ளைக்குத் திரை மறைவும் அந்தப் பதிவும் நீதிமன்றத்தில் பயன்படுகின்றன. பலரும் பலமுறை கேட்டுக் கேட்டு வாய்ப்பாடு போல ஆகிவிட்ட ஒரு கதையை அந்தப் பதிவில் கேட்பதைவிட வருத்தம் தருவது வேறில்லை. உண்மையாக இருந்தாலும் அது உண்மை போல ஒலிக்காது.

இன்னொன்று, நம் மொழிக்கே உரிய சிக்கல். அவள் சொல்லும் உறவுச் சொற்களைத் தமிழிலேயே, அவள் வாயில் வந்தபடியே எழுதுங்கள். வாக்குமூலம் மலாயில் பதிவாகும். "மாமா அடிச்சாரு" என்று ஒரு பிள்ளை சொன்னால், அம்மாவின் தம்பியா, அத்தையின் கணவரா, பக்கத்து வீட்டு ஆளா, லயத்தில் அறை எடுத்துத் தங்கியிருப்பவரா என்று தமிழிலேயே தெரியாது. மலாய்க்குப் போனால் இன்னும் தெரியாது. சில வீடுகளில் தாத்தாவை "அப்பா" என்றும் தகப்பனை "நைனா" என்றும் கூப்பிடும் பழக்கம் உண்டு. உங்கள் மாணவி வீட்டில் யாரை எப்படிக் கூப்பிடுகிறாள் என்று யாராவது விசாரித்தார்களா? இதை அதிகாரியிடம் நினைவூட்டுங்கள். கையெழுத்துப் போடுமுன் உங்கள் வாக்குமூலத்தை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள், நீங்கள் சொல்லாத உறுதி அதில் ஏறியிருந்தால் திருத்தச் சொல்லுங்கள்.

அடுத்தது ஊர்ப் பேச்சு. ஐந்தாறு பேர் சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஐந்து பேரில் கண்ணால் பார்த்தவர் எத்தனை பேர்? ஒருவர் சொல்லி நான்கு பேர் கேட்டது என்றால் அது ஒரே சாட்சியம்தான், ஐந்து அல்ல. லயத்தில் ஒரு சுவர் இரண்டு வீட்டுக்குப் பொது. பக்கத்து வீட்டுக்காரருக்கு அழுகை கேட்கும், யார் அழவைத்தது என்று தெரியாது. அழுகை கேட்டது எந்த நாள், எத்தனை மணிக்கு என்று ஒருவர் சொல்ல முடிந்தால் அது பெரிய சான்று. விடியுமுன் கேட்டது என்றால், அந்த நேரத்தில் தகப்பன் பிரட்டுக்கு (வேலைக்குமுன் பெயர் கூப்பிடும் இடத்துக்கு) போய்விட்டாரா, வீட்டில் பிள்ளையோடு இருந்தது யார் என்று அடுத்த கேள்வி பிறக்கும். தோட்டத்தில் அதற்குப் பதில் செக்ரோல் என்ற வேலைப் பதிவேட்டில் இருக்கிறது. எந்த நாள் யார் வேலைக்கு வந்தார், யார் வரவில்லை என்று தோட்டத்து எழுத்தரான கிராணி எழுதி வைத்த பதிவு, ஊர் வாயைவிட நம்பத்தக்கது. என் அனுபவத்தில் பல கோப்புகளில் ஊர்ப் பேச்சு நாலு பக்கம் இருக்கும். பிள்ளை அந்த நாளில் மணிக்கு மணி யார் கையில் இருந்தாள் என்ற பட்டியல் ஒரு வரிகூட இருக்காது.

குடிப்பவர் என்பதைப் பற்றி. அது கவலைக்குரிய செய்திதான். அதிகாரி அதைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஆனால் ஒவ்வொரு சான்றையும் பார்த்து நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்று உண்டு: இந்த மனிதர் அடிக்காதவராக இருந்தாலும் இதே செய்தி எனக்குக் கிடைத்திருக்குமா? அவர் அடிக்காதவராக இருந்தாலும் சம்பள நாளில் குடிப்பார் என்ற செய்தி கிடைத்திருக்கும். அப்படியென்றால் அந்தச் செய்தி இந்தக் காயத்தைப் பற்றி அதிகம் சொல்லவில்லை. அதே கேள்வியை இரட்டைக் கோட்டின் மேல் வைத்துப் பாருங்கள். யாரும் அடிக்காமல் அந்தக் கோடு விழுவது அரிது. அது கனமான சான்று. ஆனால் பிரம்பைப் பிடித்த கை யாருடையது என்று அது சொல்லாது. கேட்கும்போது மனத்தைக் கலக்குகிற செய்தி கனமாகத் தோன்றும், சலிப்பூட்டுகிற செய்தி இலேசாகத் தோன்றும். தராசு அப்படி நினைப்பதில்லை. பிரிட்டனில் 1973 முதல் 1994 வரை வெளிவந்த 45 குழந்தைக் கொடுமை விசாரணை அறிக்கைகளைப் படித்து, சமூகப்பணி ஆய்வாளர் ஐலீன் மன்ரோ 1999இல் எழுதிய ஆய்விலும் இதையே காண்கிறோம்: கண்முன் வந்த, உணர்ச்சியைத் தொட்ட, அண்மையில் கிடைத்த செய்தி முன்னால் வருகிறது, பழைய கோப்பில் எழுதிக் கிடந்தது மறந்துபோகிறது, ஒருமுறை எடுத்த முடிவை மாற்றிக்கொள்ள அதிகாரிகள் தாமதிக்கிறார்கள்.

இதை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே பட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு தோட்டத்து ஆயாக் கொட்டகையிலிருந்து (வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுச் செல்லும் இடம்) ஏழு மாதக் குழந்தையைப் பற்றிப் புகார் வந்தது. இடுப்புக்குக் கீழே, பிட்டத்தின் மேல், என் உள்ளங்கை அகலத்துக்குச் சாம்பல் கலந்த நீலம். தாய்க்குப் பத்தொன்பது வயது. கணவன் விட்டுப் போய்விட்டான். கேட்டதற்கெல்லாம் திக்கித் திக்கிப் பதில் சொன்னாள். என் மனம் அங்கேயே முடிவு செய்துவிட்டது. குழந்தையை எடுத்து வந்தோம். அடுத்த நாள் பெரிய மருத்துவமனையில் மருத்துவர் அந்த இடத்தை விரலால் அழுத்திப் பார்த்தார், குழந்தை சிரித்தது. பிறவி நீலத் திட்டு, ஆசியக் குழந்தைகளுக்கு முதுகின் அடியில் சாதாரணமாக இருப்பது, வளர வளர மங்கிவிடும் என்றார். தாயின் பையில் இருந்த குழந்தையின் சுகாதாரப் புத்தகத்தைத் திறந்தால், பிறந்த அன்றே அதை எழுதி, எங்கே இருக்கிறது என்று படமும் வரைந்திருந்தார்கள். அந்தப் பை என் வண்டியிலேயே கிடந்தது. நான் திறந்து பார்க்கவில்லை. இரண்டு இரவு பால் கட்டிக்கொண்ட மார்போடு அந்தப் பெண் அலுவலக வாசலில் உட்கார்ந்திருந்தது இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு, அது இதைவிடக் கொடியது. 1999 ஜூலையில் லண்டனில் விக்டோரியா கிளிம்பி என்ற சிறுமியின் உடலில் இருந்த தடங்களை ஒரு மருத்துவர் சந்தேகித்தார். மூத்த மருத்துவர் பார்த்துவிட்டுச் சொறிசிரங்கு என்றார். அந்த ஒரு முடிவை மற்ற எல்லாரும் பற்றிக்கொண்டார்கள். சிறுமி திருப்பி அனுப்பப்பட்டாள். 2000 பிப்ரவரியில், எட்டு வயதில், இறந்தாள். உடலில் 128 காயங்கள் இருந்தன. அதே நாட்டில் 1987இல் கிளீவ்லண்ட் வட்டாரத்தில் ஓர் உடற்குறியை மட்டும் பெரிதாக நம்பி 121 பிள்ளைகளுக்குப் பாலியல் கொடுமை நடந்ததாக முடிவு செய்தார்கள்; பலர் வீட்டிலிருந்து எடுக்கப்பட்டு, பெரும்பாலோர் பிறகு திரும்பினார்கள். ஒன்றில் முடிவெடுத்தவர்கள் நல்லதை நம்பினார்கள், மற்றதில் முடிவெடுத்தவர்கள் கெட்டதை நம்பினார்கள். இரண்டிலும் வேறு என்னவாக இருக்க முடியும் என்று அவர்கள் நின்று கேட்கவில்லை.

ஆகவே மருத்துவப் பரிசோதனை நடந்ததா என்று வியாழக்கிழமை அதிகாரியிடம் கேளுங்கள். இதுவரை இல்லையென்றால் உடனே தேவை என்று வற்புறுத்துங்கள், ஏனென்றால் கன்றல் மங்கிவிடும். பாதுகாவலருக்குப் பிள்ளையை மருத்துவரிடம் காட்டும் அதிகாரம் சட்டத்தில் இருக்கிறது. தலை முதல் பாதம் வரை பார்க்க வேண்டும், அளவுகோல் வைத்துப் படம் எடுக்க வேண்டும். எளிதில் கன்றிப்போகிற இரத்தக் கோளாறு உண்டா, அண்மையில் டெங்கி வந்ததா என்று பார்க்க வேண்டும். டெங்கி காதில் நீலத்தை விளக்கக்கூடும், தோளில் இணைக் கோட்டை விளக்காது. கன்றலின் நிறத்தைப் பார்த்து இன்ன நாள் அடி என்று யாராவது உறுதியாகச் சொன்னால் நம்ப வேண்டாம். அந்தக் கணிப்பு நம்பத்தக்கதல்ல என்பது மருத்துவத்தில் தெரிந்த செய்தி. மருத்துவர் "அடியோடு பொருந்துகிறது" என்று எழுதினால், வேறு எதனோடும் பொருந்துமா என்று அதிகாரி கேட்டு அதையும் எழுதி வாங்க வேண்டும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல விரும்புகிறேன். நியாயமாக எடைபோடுவது என்றால் இரண்டு பக்கத்துக்கும் சரிபாதி பிரித்துக் கொடுத்துவிட்டுக் கையைக் கழுவுவது என்று சிலர் நினைக்கிறார்கள். விசாரணை முடியும்வரை பிள்ளை அதே வீட்டில் அதே ஆளோடு இருக்கட்டும், நிரூபணம் ஆகவில்லையே என்பது நியாயம் அல்ல. யார் அடித்தது என்று தெரியாத நாள்வரை, அந்த வீட்டிலிருக்கும் எவரோடும் அவள் தனியாக விடப்படக்கூடாது. பாட்டி வீடோ பெரியம்மா வீடோ பாதுகாப்பானதா என்று பார்த்து அங்கே வைக்கலாம். தகப்பன் நிரபராதி என்றால், அதே ஏற்பாடுதான் உண்மையில் அடித்தவரிடமிருந்து அவர் மகளைக் காப்பாற்றுகிறது. இதை அவரிடம் யாராவது உட்கார்ந்து சொல்ல வேண்டும். அவர் சொல்வதையும் அதே கவனத்தோடு எழுத வேண்டும். முதல் நாள் என்ன சொன்னார், மூன்றாம் நாள் என்ன சொன்னார், சைக்கிளைக் காட்டச் சொன்னால் காட்டுகிறாரா, அந்தச் சைக்கிளில் எங்கே அடிபட்டிருக்கிறது என்பதெல்லாம் சான்று. அந்தச் சைக்கிளை இதுவரை யாரும் போய்ப் பார்க்கவில்லை என்று உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது.

உங்கள் குறிப்பை இன்றே எழுதுங்கள், வியாழன் வரை காத்திருக்க வேண்டாம். தாளை மூன்றாகப் பிரித்து, கண்ணால் பார்த்தது, காதால் கேட்டது (யாரிடம், எந்த நாள்), நீங்களாக நினைத்தது என்று தனித்தனியாக எழுதுங்கள். மூன்றாவது பகுதியையும் தயங்காமல் எழுதலாம், அது எண்ணம் என்று தெரியும்படி இருந்தால் போதும். வருகைப் பதிவேட்டில் அவள் வராத நாட்களைச் சேர்த்துக் கொடுங்கள். ஆசிரியர் அறையில் இதைப் பற்றி இனிப் பேச வேண்டாம். பிள்ளையின் பெயரோ படமோ எந்த வாட்சாப் குழுவிலும் போகக்கூடாது. பிள்ளையை அடையாளம் காட்டி வெளியிடுவதற்குத் தண்டனை உண்டு என்பதைச் சக ஆசிரியர்களுக்கும் சொல்லுங்கள்.

புகார் கொடுத்தவர் யார் என்பதை இலாகா வெளியிடாது. ஆனால் சிறிய ஊர். தந்தை ஊகித்துப் பள்ளி வாசலுக்கு வரலாம். அப்படி வந்தால் தலைமையாசிரியரையும் கூட வைத்துக்கொண்டு, நாற்காலி போட்டு உட்காரச் சொல்லுங்கள். "வழக்கைப் பற்றிப் பேச எனக்கு அனுமதியில்லை, உங்கள் பக்கத்தை அதிகாரியிடம் முழுவதும் சொல்லும்படி கேட்டுக்கொள்கிறேன்" என்று மட்டும் சொல்லுங்கள். மகள் எப்படிப் படிக்கிறாள் என்று கேட்டால் அதற்குப் பதில் சொல்லுங்கள். இரண்டாம் ஆண்டு வாசிப்பில் எந்தப் பக்கத்தில் இருக்கிறாள் என்று புத்தகத்தைத் திறந்தே காட்டுங்கள்.